சுவரில் சரி, வானத்தில் தப்பு: நட்சத்திரப் பெட்டி செய்வோர் கவனத்துக்கு

ஷூ பெட்டியில் துளை போட்டு, உள்ளே டார்ச் வைத்து, இருட்டறைச் சுவரில் விண்மீன் குழுவைக் காட்டுவது எளிய வேலை. ஆனால் மொட்டை மாடிக்குப் போனதும் அதே குழுவைக் கண்டுபிடிக்க முடியாமல் பிள்ளை முழித்தால், கோளாறு பெரும்பாலும் பெட்டியில்தான்.

அடிக்கடி நடப்பது இடவலம் மாறுவது. படத்தைப் பெட்டிக்கு வெளியே ஒட்டி அப்படியே குத்தினால், சுவரில் கண்ணாடி பிம்பம்தான் விழும். வேடன் உருவமாகச் சொல்லப்படும் ஓரியன் குழுவை வைத்துச் சோதியுங்கள். தெற்கு பார்த்து நின்றால் சிவந்த திருவாதிரை இடது மேல்பக்கம், நீலம் கலந்த வெள்ளை ரீகல் வலது கீழ்ப்பக்கம். மாறி விழுந்தால் வேறு அட்டையில் படத்தைக் குப்புற ஒட்டிக் குத்துங்கள்.

பல எல்.ஈ.டி. உள்ள டார்ச் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு பல்பும் ஒவ்வொரு துளை வழியாகவும் தனிப் புள்ளி போடும், வானமே குழம்பிவிடும். செல்போன் ஃபிளாஷ் போதும். அதில் இரண்டு எல்.ஈ.டி. இருந்தால் ஒன்றை இன்சுலேஷன் டேப்பால் மூடிவிடுங்கள்.

எல்லாத் துளையும் ஒரே அளவில் போடுகிறார்கள். மங்கலானவற்றுக்குக் குண்டூசி, திருவாதிரைக்கும் ரீகலுக்கும் ஈர்க்குச்சி. சரி, அது சின்ன விஷயம்.

எந்தக் குழு என்பதுதான் பெரிய விஷயம். வெளிநாட்டு மாதிரிகளைப் பார்த்து துருவ நட்சத்திரத்தில் தொடங்குகிறார்கள். சென்னையில் அது அடிவானத்திலிருந்து 13 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். எதிர் அபார்ட்மென்டே மறைத்துவிடும். இங்கே ஓரியன், ரிஷபம், விருச்சிகம்தான் லாபம். வீட்டில் யாருக்காவது ரிஷபத்தில் உள்ள ரோகிணியோ விருச்சிகத்தில் உள்ள கேட்டையோ ஜென்ம நட்சத்திரம் என்றால் அதிலிருந்தே தொடங்கலாம், பிள்ளை மறக்காது. ஓரியனுக்கு வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை, மாசி மாதங்களே வசதி. மழைக்கு நடுவே கார்த்திகையில் செய்துவிட்டு மேகத்தைத் திட்டிப் பயனில்லை.

இன்னொன்று, படங்களில் ஓரியன் நிமிர்ந்து நிற்பான். பெசன்ட் நகர் கடற்கரையில் கிழக்கே உதிக்கும்போதோ பக்கவாட்டில் படுத்திருப்பான். இடுப்புப் பட்டையின் மூன்று நட்சத்திரங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். பெட்டியை இடப்பக்கமாகக் கால் வட்டம் திருப்பி அந்தக் கோலத்தையும் காட்டுங்கள்.

அப்புறம், சுவரில் பார்த்தால் எல்லாம் ஒரே தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். ரோகிணி சுமார் 65 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதைச் சுற்றி இருப்பதுபோலத் தெரியும் ஹையடஸ் என்ற நட்சத்திரக் கூட்டம் ஏறத்தாழ 150. இதைக் காட்ட, ஒரு பாசிமணியைக் கண்ணிலிருந்து 65 செ.மீ. தூரத்திலும், மற்ற மணிகளை 150 செ.மீ. தூரத்திலும் நூலில் தொங்கவிட்டு, ஒற்றைக் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள்.