தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கல்லில் பேர் தேடிப் போகிறவர்களுக்கு

பெட்டியில் என்ன வைப்பது, சிம் எங்கே வாங்குவது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். இது, பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாத சொந்தக்காரர் பேரைக் கல்லில் பார்க்க வேண்டும் என்று ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்கு. மூன்று வார லீவில் ஒன்பது நாளை நான் இதில்தான் தொலைத்தேன்.

கிருஷ்ணகிரி டவுனுக்கு ரயில் கிடையாது; தருமபுரிக்கும் ஓசூருக்கும் உண்டு. பெங்களூரில் இறங்கி பஸ் பிடிப்பதே மேல். மாமா பையன் கார் கொண்டு வருகிறேன் என்றால் வேண்டாம் என்றுவிடுங்கள். காரணம் கேட்காதீர்கள்.

கல் என்றால் இந்தப் பக்கம் முதலில் வேடியப்பன்தான். புளியமரத்தடியில் மஞ்சள் பூசி, மாலை போட்டு நிற்கிற சாமி. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு ஆள் வில்லோ வாளோ பிடித்து நிற்பான். சில கல்லில் வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்தும் இருக்கும். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் மாட்டு மந்தையை மீட்கப் போய்ச் செத்தவனுக்கு நட்ட கல். எழுத்தில் அதைத் 'தொறு மீட்டுப் பட்டான்' என்கிற மாதிரி வெட்டியிருப்பார்கள். தொறு என்றால் மாட்டு மந்தை. அவனுடைய சொந்தப் பேரை ஊர் மறந்துவிட்டது, எல்லாரும் வேடியப்பன்தான். செருப்பைக் கழற்றுங்கள், படம் எடுக்கும் முன் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள், எழுத்து தெரியட்டும் என்று மாவு தேய்க்காதீர்கள். வெயிலில் அலைய முடியாதவர்களுக்குத் தருமபுரி அகழ்வைப்பகத்திலும் கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்திலும் நடுகற்கள் இருக்கின்றன. அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

முதல் உலகப்போர் சங்கதி வேறு. மதராஸ் மாகாணத்துக் கிராமங்கள் பலவற்றில் வெள்ளைக்காரன் பளிங்குப் பலகை பதித்தான்: இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் விட்டார்கள். பேர் கிடையாது, எண்ணிக்கைதான். நான் இருக்கும் இங்கிலாந்துக் கிராமத்தில் இருநூறு வீடுகூட இல்லை. அங்கே சர்ச் வாசல் சிலுவையில் ஒவ்வொருத்தர் பேரும் இருக்கிறது. போரில் செத்தவர்களை நினைக்கும் நாளான நவம்பர் 11 அன்று நானும் போய் நிற்பேன். யாருக்காக நிற்கிறேன் என்று பையன் கேட்ட பிறகுதான் இந்தப் பயணமே.

உலகப்போர்களில் இறந்தவர்களை காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடலாம். அப்பா பேர், ஊர்கூடச் சில சமயம் கிடைக்கும். சேலம் மாவட்டம் என்று தேடுங்கள். தருமபுரி பிரிந்தது 1965இல், கிருஷ்ணகிரி 2004இல். சுதந்திரத்துக்குப் பிறகு இறந்தவர்கள் என்றால் டெல்லியில் 2019இல் திறந்த தேசியப் போர் நினைவுச் சின்னம். 25,000-க்கும் மேற்பட்ட பேர்களைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

என் பெரியப்பா வேடியப்பன் 1971 போரில் உயிர் விட்டவர். மெட்ராஸ் சாப்பர்ஸ், பட்டாளத்தின் இன்ஜினியர் படை. கண்ணிவெடி எடுக்கிற வேலை. ஊரில் பஞ்சாயத்துப் பள்ளிக்கூடம் பக்கத்தில் முன்னாள் மிலிட்டரிக்காரர்கள் சேர்ந்து ஒரு தூண் கட்டுகிறார்கள். பேர் வெட்ட ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஆபீஸ் கடிதம் வேண்டும் என்றார்கள். ஒரு கடிதம்தானே, அரை நாள் வேலை என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை போனேன். அன்று கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டம், அதிகாரி அங்கே. திங்கட்கிழமை எந்த ஆபீஸுக்கும் போகாதீர்கள். செவ்வாய் அவர் இருந்தார், ஃபைல் இல்லை. புதன் ஃபைல் வந்தது. கிளார்க் என் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்க நேரடி வாரிசு இல்லையே சார். பாஸ்போர்ட்டும் நம்ம நாட்டுது இல்ல." அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எரிச்சல்.

பெரியம்மாவை ஆட்டோவில் கூட்டிப்போனேன். எண்பது வயசு. மாடிப்படி. பென்ஷன் புத்தகத்தில் ஒரு பேர், ரேஷன் கார்டில் ஒரு பேர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பேர். மூன்றும் ஒரே ஆள்தான் என்று பத்திரத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். வாங்கினோம். அப்புறம் ஆர்மி நம்பர் கேட்டார்கள். பென்ஷன் புத்தகத்தில் அந்த இடம் மட்டும் பூச்சி அரித்திருந்தது. நம்பர் இருந்தால் பெங்களூரில் இருக்கும் சாப்பர்ஸ் ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு எழுதலாம், இல்லாவிட்டால் பேரை வைத்து ஒன்றும் ஆகாது. இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: கிளம்பும் முன் வீட்டில் அந்த நம்பரைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்து பரணில் இருந்த கருப்பு ட்ரங்க் பெட்டியை இறக்கினேன். உள்ளே புளி. மூடியைத் துணியால் துடைத்தபோது புகைக்கரிக்கு அடியில் வெள்ளைப் பெயிண்டில் ஏழு இலக்கம், அவர் பேர். கடைசி இலக்கம் மூன்றா எட்டா தெரியவில்லை. திண்ணையில் புளிக்கொட்டை தட்டிக்கொண்டிருந்த பெரியம்மா தலையைத் தூக்காமலே முழு நம்பரையும் சொன்னாள், இங்கிலீஷில். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே பெரியம்மா?" "என்னை யாரு கண்ணு கேட்டா?"

கடிதம் ஒன்பதாம் நாள் வந்தது. மறுநாள் விமானம். படிக்காமல் கையெழுத்துப் போட்டு வாங்கி, சங்கத்துக்காரரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். கல்லுக்குப் பணம் நான் தருகிறேன் என்றும் சொல்லிவிட்டேன். சும்மா இருந்திருக்கலாம்.

கிருஷ்ணகிரிக் கருங்கல்லில் எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு வெட்டுவார்கள். வெட்டும் முன் தாளில் எழுதி போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். மிலிட்டரிப் பதிவெல்லாம் இங்கிலீஷில். அதில் வெ, வே இரண்டும் ஒன்றுதான். கடிதத்தில் 'வெடியப்பன்' என்று எழுதியிருந்தது, கல்லிலும் அப்படியே வெட்டிவிட்டார்கள். அடியில் 'உபயம்' என்று என் பேர், அவர் பேரைவிட இரண்டு மடங்கு பெரிதாக, ஒரு பிழையும் இல்லாமல். மாற்றுவதென்றால் முழுப் பலகையையும் எடுக்க வேண்டுமாம்.

திறப்பு விழா அன்று வீடியோ காலில் பெரியம்மா அந்த வரியை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"பேரு சரியா இருக்கா கண்ணு?"

"இருக்கு பெரியம்மா" என்றேன்.