பணம் வாங்க பின் நம்பர் எதற்கு?

ஆவடியில் சின்ன மெஸ் நடத்துகிறேன். மதியம் சாப்பாடு, சாயங்காலம் பரோட்டா, முன்கூட்டிச் சொன்னால் விசேஷங்களுக்கும் சமைத்துக் கொடுப்போம். போன வருஷம் ஒரே போன் பேச்சில் 9,600 ரூபாய் பறிகொடுத்தேன். என்னைப் போல் கடை வைத்திருக்கும் யாருக்கும் அது நடக்கக் கூடாது.

காலை பத்து மணிக்கு அந்த போன் வந்தது. "மிலிட்டரியில் இருந்து பேசுறேன் மேடம். ஜவான்களுக்கு 60 சிக்கன் பிரியாணி வேணும், ஒரு மணிக்கு வண்டி வரும்." விமானப்படை, சிஆர்பிஎஃப் எல்லாம் இருக்கிற ஊர், அதனால் சந்தேகம் வரவில்லை. வாட்ஸ்அப்பில் சீருடைப் படமும் அடையாள அட்டையும் அனுப்பினான். பொட்டலம் 160 என்றேன், சரி என்றான். 60 பிரியாணி வாங்குகிறவர் பத்து ரூபாயாவது குறைக்கச் சொல்லாமல் இருந்ததே இல்லை. அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

பொட்டலம் கட்டி முடித்த நேரம் பார்த்து மறுபடி கூப்பிட்டான். ஆர்மி கணக்கிலிருந்து பணம் வர, அவன் அனுப்பும் க்யூஆரை நான் ஸ்கேன் செய்ய வேண்டுமாம். முதலில் 5 ரூபாய்க்கு ஒன்று. பின் நம்பர் போட்டேன், பதிலுக்கு 10 ரூபாய் வந்தது. அடுத்தது 9,600. திரையில் "செலுத்து" என்றுதான் இருந்தது. குருமா அடி பிடிக்கிற வாசனை ஒரு பக்கம், "சீக்கிரம் மேடம், ஆபீசர் பக்கத்துல நிக்கிறார்" என்று காதில் அவன் ஒரு பக்கம். பின் நம்பரின் ஆறு இலக்கத்தையும் அடித்துவிட்டேன். பிரியாணியை எடுக்க எந்த வண்டியும் வரவில்லை. ஆட்டோ ஸ்டாண்டில் கொடுத்துவிட்டேன்.

நம் கணக்குக்குப் பணம் வர ஸ்கேன் செய்ய வேண்டாம், பின் வேண்டாம், ஓடிபி வேண்டாம். பணம் வரும் என்று சொல்லி பின் கேட்டாலே நம் காசு வெளியே போகப் போகிறது. இதைக் கல்லாவுக்கு மேலே எழுதி ஒட்டியிருக்கிறேன். இப்போதெல்லாம் தெரியாத நம்பரில் மொத்த ஆர்டர் வந்தால், பாதிப் பணம் எங்கள் க்யூஆரில் ஏறிய பிறகுதான் அரிசி களைகிறேன். "எங்க முறை வேற" என்பவரின் ஆர்டர் எனக்கு வேண்டாம்.

கூட்ட நேரத்தில் வேறு தொல்லை. பணம் போனது மாதிரியே பச்சை டிக் காட்டும் போலி ஆப்கள் இருக்கின்றன. வாடிக்கையாளர் நீட்டும் திரையைப் பார்க்காதீர்கள். ஸ்பீக்கர் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நம் ஆப்பில் வரவு தெரிய வேண்டும். "தப்பா 2,000 அனுப்பிட்டேன், திருப்பி அனுப்புங்க" என்றாலும் அப்படித்தான். வந்த எஸ்எம்எஸ்ஸை நம்பாமல் கணக்கைத் திறந்து பாருங்கள். காலையில் கடை திறந்ததும் என் க்யூஆரை நானே ஸ்கேன் செய்து பெயர் பார்க்கிறேன், ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் தடவியும் பார்க்கிறேன்.

கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வரும் ஃபைல் பெயர் ஏபிகே என்று முடிந்தால் தொடாதீர்கள். அது போனுக்குள் ஏறி ஓடிபியைப் படித்துவிடும். உணவு லைசென்ஸ் காலாவதி, உடனே ஜிபே பண்ணுங்கள் என்று அழைத்தால் வைத்துவிட்டு, உணவு லைசென்ஸ் கொடுக்கிற அரசுத் தளமான ஃபாஸ்காஸில் நீங்களே தேதியைப் பாருங்கள்.

பணம் போய்விட்டால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள், அந்த நிமிஷமே. பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் வங்கி நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது. ஆப்பில் அந்தப் பணப் பரிமாற்றத்துக்கு இருக்கும் 12 இலக்க யூடிஆர் எண், தொகை, நேரம் கையில் இருக்கட்டும். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம். வங்கி நம்பரை கூகுளில் தேடாதீர்கள், ஏடிஎம் கார்டின் பின்னால் இருப்பதைப் பாருங்கள். நான் வீட்டில் என்ன சொல்வது என்று கூசிக்கொண்டு மறுநாள் காலைதான் 1930-க்குப் பேசினேன். அதற்குள் பணம் மூன்று கணக்கு தாண்டியிருந்தது.