கடற்கரையில் ஊர்கூடி வாணவேடிக்கை: முதன்முறை நடத்துபவர்களுக்கான செய்முறை விளக்கம்

எங்கள் ஊர்க் கடற்கரையில் முதன்முதலாக வாணவேடிக்கை நடத்திய இரவில், கடைசி வெடி ஓய்ந்த இருபது நிமிடத்துக்குள் நடைபாதை மீண்டும் வெறிச்சோடிவிட்டது. வந்தவர்கள் காரை விட்டு இறங்கினார்கள், அண்ணாந்து பார்த்தார்கள், காரில் ஏறிப் போய்விட்டார்கள். அந்தப் பத்து நிமிட வாணத்துக்காக ஏழு மாதம் உழைத்திருந்தோம். வாணத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன், மக்கள் எங்கே நடப்பார்கள், எங்கே நிற்பார்கள், எதற்காகத் தங்குவார்கள் என்று யோசிக்க வேண்டும் என்பது அன்று புரிந்தது. கீழே உள்ள எல்லாப் படிகளும் அந்த எண்ணத்திலிருந்தே வருகின்றன.

நான் இருப்பது இங்கிலாந்தின் கடலோரச் சிற்றூர் ஒன்றில். ரயில் வந்த காலத்தில் தொழிற்சாலை நகரங்களிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக விடுமுறைக்கு வந்த கரைகள் இவை. மலிவான விமானப் பயணம் அவர்களை ஸ்பெயினுக்கு அழைத்துச் சென்ற பிறகு, நீண்ட நடைபாதையும் பழைய இருக்கை மண்டபங்களும் மட்டும் மிஞ்சின. கோடையில் ஓரளவு கூட்டம் உண்டு. அக்டோபர் பிறந்தால் நாயை நடத்திச் செல்பவர்கள்தான். இங்கே சொல்லும் சட்ட விவரங்கள் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்துபவை.

முதல் படி: இருட்டில் நடந்து பாருங்கள்

நிகழ்ச்சி எந்த மாதமோ, அதே மாதத்தில், அதே நேரத்தில், நடைபாதையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடங்கள். கையில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எந்த விளக்கு எரியவில்லை, காற்றுக்கு ஒதுங்க எந்த இடம் இருக்கிறது, கழிப்பறை எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது, சக்கர நாற்காலி ஏற முடியாத படிக்கட்டு எது, தடுப்புச் சுவர் எங்கே முழங்கால் உயரத்துக்குக் குறைகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். கூட்டம் ஆர்வமாக முன்னே நெருக்கும் இடம் பெரும்பாலும் அந்தத் தாழ்ந்த சுவராகத்தான் இருக்கும்.

கூடவே ஒரு முதியவரையும், தள்ளுவண்டியில் குழந்தையுடன் ஒரு தாயையும் அழைத்துச் செல்லுங்கள். நான் நாலு முறை நடந்தும் கண்ணில் படாத சரிவை, குழந்தையோடு வந்த பெண்மணி முதல் ஐந்து நிமிடத்தில் காட்டிவிட்டார்.

இரண்டாம் படி: நாட்காட்டிக்கு முன் ஓத அட்டவணை

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். நவம்பர் 5-க்கு அருகில் வரும் சனிக்கிழமையைத் தேர்ந்து, சுவரொட்டியும் அச்சடித்துவிட்டு, பிறகுதான் கடல் அன்று எங்கே இருக்கும் என்று பார்ப்பார்கள். லண்டனில் நாடாளுமன்றத்தைத் தகர்க்கத் தீட்டிய 1605-ஆம் ஆண்டின் வெடிமருந்துச் சதி முறியடிக்கப்பட்டதன் நினைவாக நெருப்பு மூட்டும் நாள் நவம்பர் 5. அந்த வாரத்தில் எல்லா ஊரும் வாணம் விடும். கடலுக்கோ அந்த நாளைப் பற்றிக் கவலை இல்லை.

கடல் ஏறும் நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகிறது. ஏழு நாளில் அது ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகச் சேர்ந்துவிடும். அதாவது, இந்தச் சனிக்கிழமை இரவு ஏழு மணிக்குக் கடல் நிறைந்து நின்றால், அடுத்த சனிக்கிழமை அதே ஏழு மணிக்குக் கடல் வற்றிக் கிடக்கும். ஒரு வாரம் தள்ளினால் முற்றிலும் வேறொரு கரை. ஆகவே முதலில் ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரப் பட்டியலை, திறந்து வைத்துக்கொண்டு, பிறகு கிழமையைப் பாருங்கள்.

எது நல்லது என்பது வாணம் எங்கிருந்து கிளம்பப் போகிறது என்பதைப் பொறுத்தது. மணலில் வைத்துக் கொளுத்துவதானால், காலையில் சாமான்களை இறக்குவது முதல் இரவில் கடைசிக் குழாயை எடுப்பதுவரை அந்த இடம் நனையக் கூடாது. மேட்டு மணல் இல்லாத கரையில் இது நடக்காத காரியம். கப்பல் துறையிலிருந்தோ மிதவையிலிருந்தோ விடுவதானால் கடல் நிறைந்திருப்பதே மேல். ஒளி தண்ணீரில் இரண்டாக விழும். மணலே இல்லாததால் யாரும் இறங்கி நடக்கவும் முடியாது. பிளிமத் நகரில் ஆகஸ்டு மாதம் நடக்கும் பிரிட்டிஷ் வாணவேடிக்கைப் போட்டியில் மவுன்ட் பேட்டன் அலைதடுப்புச் சுவரிலிருந்து வாணம் விடுகிறார்கள். மக்கள் நீரின் மறுபுறம் ஹோ மேட்டில் நின்று பார்க்கிறார்கள். இடையில் உள்ள தண்ணீரே பாதுகாப்பு எல்லை.

செவர்ன் கழிமுகம் போன்ற இடங்களில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வேறுபாடு 14 மீட்டர் வரை போகும். மோர்கம் விரிகுடாவில் 2004 பிப்ரவரியில் இருட்டில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த சீனத் தொழிலாளர்கள் இருபதுக்கும் மேற்பட்டோரை ஏறிவந்த கடல் கொண்டுபோனது. இப்படிப்பட்ட கரையில் பார்வையாளர் எவரையும் மணலில் இறங்க விடாதீர்கள். இதில் விட்டுக்கொடுப்பதற்கு எதுவும் இல்லை.

மூன்றாம் படி: நிலம் யாருடையது?

நடைபாதை பெரும்பாலும் உள்ளூர் கவுன்சிலுக்குச் சொந்தம். ஆனால் கடல் ஏறி இறங்கும் பகுதி அப்படி இல்லாமல் இருக்கலாம். அதில் ஏறக்குறைய பாதி, அரச உடைமைகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டின் கையில் இருக்கிறது. துறைமுகம் அருகில் இருந்தால் துறைமுக அதிகாரியும் உண்டு. மூவரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கவுன்சிலின் நிகழ்ச்சிப் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் காவல்துறை, தீயணைப்பு, ஆம்புலன்ஸ் சேவையினர் ஒரே மேசையில் இருப்பார்கள். குறைந்தது ஆறு மாதம் முன்னதாக அவர்களைச் சந்தியுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பயப்பட வேண்டாம். நாம் தூக்கத்தில்கூட நினைத்துப் பார்க்காததை அவர்கள் கேட்பார்கள், அது நமக்கு நல்லது.

மது விற்கப் போகிறீர்கள் என்றால், ஊழியர்களையும் சேர்த்து 499 பேருக்கு மிகாத நிகழ்ச்சிக்குத் தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பு கொடுக்கலாம். கட்டணம் 21 பவுண்டு, பத்து வேலை நாள் முன்னதாகத் தர வேண்டும். திறந்த கடற்கரையில் 499 என்ற எண்ணிக்கை கைமீறுவது எளிது. என் யோசனை, முதல் ஆண்டில் மது வேண்டாம். பார்வையாளருக்குக் காயமோ சேதமோ ஏற்பட்டால் ஈடுகட்டும் காப்பீடு கட்டாயம் வேண்டும்.

நான்காம் படி: கொளுத்துவது யார்?

வாணங்கள் நான்கு வகை. எஃப் 1 வீட்டுக்குள் பயன்படுத்தும் சிறியவை. எஃப் 2 தோட்டத்துக்கானவை. பொதுவாக எட்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். எஃப் 3 திறந்த வெளிக்கானவை. குறைந்தது இருபத்தைந்து மீட்டர். எஃப் 4 வகையைப் பயிற்சி பெற்ற தொழில்முறையினர் மட்டுமே தொடலாம். வானத்தில் பெரிய பூவாக விரியும் குண்டுகள் எல்லாம் அந்தக் கடைசி வகை.

கடற்கரைக்குத் தொழில்முறையினரையே அமர்த்துங்கள் என்பேன். ஊர்த் திடலில் போதுமான தூரம் இங்கே போதாது. கடற்காற்று திரும்பும், எரிந்த அட்டைத் துண்டுகளைத் தலைக்கு மேல் கொண்டுவரும். இந்த நாட்டில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுகிறது. ஆகவே மேற்கு, தெற்குக் கரைகளில் புகையும் பொறியும் மக்கள் பக்கம் வரவே வாய்ப்பு அதிகம். கிழக்குக் கரைக்காரர்களுக்கு அந்தக் காற்று நண்பன்.

பேசும்போது இரண்டு கேள்விகளை மறக்காதீர்கள். எந்த வேகத்துக்கு மேல் காற்று வீசினால் நிறுத்துவீர்கள்? இயக்கும் கணினி கோளாறு செய்தால் என்ன ஆகும்? 2012 ஜூலை 4 அன்று அமெரிக்காவின் சான் டியாகோ விரிகுடாவில், பதினெட்டு நிமிடம் நீள வேண்டிய வாணவேடிக்கை முழுவதும் கணினிக் கோளாறால் அரை நிமிடத்துக்குள் ஒருசேர வெடித்துத் தீர்ந்தது. தண்ணீரும் தூரமும் இருந்ததால் யாருக்கும் காயமில்லை.

வாணத்தைத் தேர்வு செய்யும்போது சத்தத்தைவிட நிறத்துக்குப் பணம் கொடுங்கள். பொன்னிறத்தில் மெல்ல வழிந்து இறங்கும் வகைகள் தண்ணீரில் அழகாகத் தெரியும். தனியாக மேலேறும் ஒற்றைச் சிவப்பு ஒளியை மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள். காரணம் அடுத்த படியில்.

ஐந்தாம் படி: கடலில் இருப்பவர்களுக்குச் சொல்லுங்கள்

கடலில் சிவப்பு ஒளி என்றால் ஆபத்தில் இருக்கிறோம், காப்பாற்றுங்கள் என்று பொருள். நம் வாணத்தைப் பார்த்து யாராவது அவசர எண்ணை அழைத்தால், தன்னார்வப் படகோட்டிகள் உணவுத் தட்டை விட்டு எழுந்து கடலுக்குள் போவார்கள். நிகழ்ச்சியின் இடம், தொடக்கம், முடிவு ஆகியவற்றைக் கடலோரக் காவல் சேவைக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள். அன்று மாலையும் ஒருமுறை உறுதிசெய்யுங்கள். காற்றில் மிதக்கும் காகித விளக்குகளை அறவே விலக்குங்கள். அவையும் அபாய ஒளியாகத் தெரியும். கடைசியில் கடலில் குப்பையாக விழும்.

ஆறாம் படி: பத்து நிமிடத்தைச் சுற்றி மூன்று மணி நேரம்

இனித்தான் என் மனதுக்கு நெருக்கமான வேலை. பிளாக்பூல் நகரம் 1879-இல் எட்டு மின்வில் விளக்குகளைக் கடற்கரையில் ஏற்றியது. இன்று அந்த விளக்கு அலங்காரம் பத்துக் கிலோமீட்டர் அளவுக்கு நீள்கிறது. கோடை முடிந்த பிறகும் மக்களை இழுத்துவருகிறது. நம்மிடம் அவ்வளவு பணம் இல்லை. ஆனால் ஒளி இருக்கும் இடத்துக்கு மக்கள் நடப்பார்கள் என்பது சிற்றூருக்கும் பொருந்தும்.

நவம்பர் தொடக்கத்தில் மாலை நாலரைக்கே சூரியன் மறைந்துவிடுகிறது. அதைக் குறையாக எண்ணாதீர்கள். ஏழு மணிக்கு வாணம் விட்டால் சிறு குழந்தைகளும் பார்த்துவிட்டு நேரத்துக்குத் தூங்கலாம். ஐந்தரை மணிக்குப் பள்ளிப் பிள்ளைகளின் விளக்கு ஊர்வலத்தைத் தொடங்குங்கள். மெல்லிய காகிதமும் மூங்கில் சட்டமும் பேட்டரி விளக்கும் போதும். ஒரு மாதம் முன்பே பள்ளிகளில் செய்யத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்குப் பின்னாலும் ஒரு குடும்பமே நடந்துவரும். ஊர்வலம் நடைபாதையின் ஆளில்லாத கோடியில் தொடங்கி மையத்துக்கு வரட்டும். யாரும் போகாத அந்தக் கோடியை ஊரார் அன்றுதான் காலால் அறிவார்கள்.

உணவுக் கடைகளை ஒரே இடத்தில் குவிக்காமல், ஐம்பது அடிக்கு ஒன்றாகப் பரப்புங்கள். பூட்டிக் கிடக்கும் மண்டபத்தைத் திறக்கச் சொல்லி, உள்ளூர் இசைக்குழுவை வாணம் முடிந்த பிறகு, ஆம், முடிந்த பிறகு, வாசிக்க வையுங்கள். கூட்டம் ஒரே நேரத்தில் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடாது. கடைக்காரருக்கும் இரண்டாவது முறை வியாபாரம் நடக்கும். எங்கள் இரண்டாம் ஆண்டில் நாங்கள் மாற்றியது பெரும்பாலும் இதுதான். ஒன்பது மணிக்கும் தேநீர்க் கடையில் வரிசை நின்றது. அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

தீபாவளிக்கும் இங்கே இடம் உண்டு. வழக்கமாக இரவு பதினொரு மணிக்கு மேல் வாணம் விடத் தடை. நவம்பர் 5 அன்று நள்ளிரவு வரையும், தீபாவளி, சீனப் புத்தாண்டு, ஆண்டின் கடைசி இரவு ஆகியவற்றில் ஒரு மணி வரையும் சட்டம் அனுமதிக்கிறது. தீபாவளியும் நவம்பர் 5-உம் அருகருகே வரும் ஆண்டில் சேர்த்தே கொண்டாடலாம். முறுக்குக் கடையும் வறுத்த மீன் கடையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் இரண்டுக்கும் கூட்டம்தான். கம்பி மத்தாப்பு கொடுப்பதானால் பக்கத்திலேயே வாளியில் தண்ணீர் வையுங்கள். அதன் நுனி ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டும்.

ஏழாம் படி: வர விரும்பாதவர்களும் இருக்கிறார்கள்

குளிர்காலத்தில் ஆர்க்டிக் பகுதியிலிருந்து வரும் உள்ளான் கூட்டங்கள், கடல் ஏறும் நேரத்தில் கரையின் மேட்டுப் பகுதியில் ஒதுங்கி இளைப்பாறும். அந்த இடத்துக்கு அருகில் வாணம் வேண்டாம். பாதுகாக்கப்பட்ட கரையானால் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதலும் தேவை; இங்கிலாந்தில் அது நேச்சுரல் இங்கிலாந்து, வேல்ஸில் நேச்சுரல் ரிசோர்சஸ் வேல்ஸ். இரண்டு வாரம் முன்பே வீடு வீடாகத் துண்டுத்தாள் கொடுத்து, சரியான நேரத்தை அதில் எழுதுங்கள். நாய் வளர்ப்பவர்களும், போரின் ஓசையை நினைவில் சுமப்பவர்களும் அந்த நேரத்துக்குத் தங்களைத் தயார்செய்துகொள்ள முடியும். இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் சிலர் ஏன் அந்த இரவில் சன்னலைச் சாத்திக்கொள்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை. நேரத்தை மட்டும் முன்னதாகச் சொல்லிவிடுகிறேன்.

எட்டாம் படி: அன்று

நிறுத்தும் அதிகாரம் ஒரே ஒருவரிடம் இருக்கட்டும். அவர் பெயர் எல்லாத் தொண்டர்களுக்கும் தெரிந்திருக்கட்டும். காற்று திரும்பினால், மணலில் யாராவது இறங்கினால், அவர் சொல்லே முடிவு. முதலுதவியாளர், ஒளிரும் மேலாடை, கைவிளக்கு, ஆம்புலன்ஸுக்குத் திறந்த ஒரு பாதை. மற்றவை ஆலோசனைக் குழு சொன்னபடி.

ஒன்பதாம் படி: மறுநாள் காலை

வெடிக்காத வாணம் எதையும் தொண்டர்கள் தொடக்கூடாது. கொளுத்தியவர்களே இரவிலேயே தேடி எடுக்க வேண்டும், விடிந்ததும் மீண்டும் ஒருமுறை. பிறகு, கடல் வற்றும் நேரத்தைப் பார்த்து ஊராரை அழையுங்கள். அட்டைத் துண்டும் பிளாஸ்டிக் மூடியும் அலைக்கோட்டில் ஒதுங்கியிருக்கும். அடுத்த ஏற்றம் அவற்றை இழுத்துச் செல்வதற்குள் பொறுக்கிவிட வேண்டும். எங்கள் ஊரில் காலை எட்டு மணிக்கு அறுபது பேர் வந்தார்கள். சூடான தேநீர் தரப்படும் என்று துண்டுத்தாளில் முன்பே அச்சடித்திருந்தோம். நீங்களும் அந்த வரியை மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.