வியர்வையை எடைபோடுங்கள்: 21 கி.மீ. ஓட்டத்துக்குத் தண்ணீரும் சாப்பாடும்

சென்னைக் கடற்கரை ஓரமாக விடிகாலை ஐந்து மணிக்கு ஓடினாலும் பனியன் பிழியும் அளவுக்கு நனைந்துவிடும். காற்றில் ஈரம் அதிகம்; வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விக்காது, நீர்தான் வீணாகும். ‘நாளுக்கு மூன்று லிட்டர்’ கணக்கு இங்கே உதவாது. உங்கள் வியர்வையை நீங்களே அளக்க வேண்டும்.

சிறுநீர் கழித்துவிட்டு, உள்ளாடையோடு எடை பாருங்கள். போட்டி வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடுங்கள். வந்ததும் ஈர உடையைக் கழற்றி, உடம்பைத் துடைத்துவிட்டு மறுபடி எடை பாருங்கள். குறைந்த ஒரு கிலோவுக்கு ஒரு லிட்டர். வழியில் குடித்ததையும் அதோடு கூட்டுங்கள். 64 கிலோ 63.1 ஆகி, நடுவில் 300 மி.லி. குடித்திருந்தால் வியர்வை மணிக்கு 1.2 லிட்டர். துடைக்காமல் ஏறி நின்றால் கணக்கு தப்பும்.

போன அத்தனையையும் ஓடும்போதே ஈடுகட்டத் தேவையில்லை. உடல் எடையில் 2 சதவீதம் வரை குறையலாம். அதற்கு மேல் போனால், வெயிலில் குறிப்பாக, வேகம் விழத் தொடங்கும். மேலே கணக்கில் வந்த 64 கிலோ ஆள் இரண்டு மணி நேரம் ஓடினால் 2.4 லிட்டர் இழப்பார், 1.3 லிட்டர் வரை விட்டுவிடலாம். மீதி 1.1 லிட்டரை 20 நிமிடத்துக்கு ஒருமுறை 180 மி.லி. என்று பிரித்துக் குடித்தால் போதும். ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, எலுமிச்சைச் சாறு கலந்துகொள்ளுங்கள். சர்க்கரை கூடினால் வயிற்றிலேயே தங்கிக் குமட்டும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். அதனால் இளநீர் ஓட்டத்துக்குப் பிறகுதான், ஒரு சிட்டிகை உப்போடு.

ஒல்லி, கட்டுமஸ்து, பருமன் என்று உடல்வாகைப் பிரித்து ஆளுக்கொரு உணவுப் பட்டியல் தருவதை நம்ப வேண்டாம். கணக்கில் வருவது எடைதான். ஒரு கிலோ எடையை ஒரு கி.மீ. சுமக்க ஏறக்குறைய ஒரு கிலோ கலோரி செலவாகும். 80 கிலோ ஆளிடம் 50 கிலோ ஆளைவிட எடை கூடும் விகிதத்திலேயே அதிக வெப்பம் உண்டாகும். ஆனால் வெப்பத்தை வெளியேற்றும் தோலின் பரப்பு அதே விகிதத்தில் கூடுவதில்லை. கனத்தவர் முதல் 5 கி.மீ. நிதானமாகப் போக வேண்டும். ஒல்லியானவருக்கு ஆபத்து வேறு: கனத்த நண்பர் குடிக்கும் அளவே தானும் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். தலைவலி, வாந்தி, தடுமாற்றம் வந்தால் மேலும் தண்ணீர் கொடுக்காமல் மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள்.

முழுச் சாப்பாட்டுக்கும் ஓட்டத்துக்கும் மூன்று மணி நேர இடைவெளி வேண்டும். ஐந்து மணி ஓட்டத்துக்காக இரண்டு மணிக்கு எழுந்து சாப்பிடுவது நடக்காத காரியம், தூக்கமும் கெடும். முந்தைய இரவு எட்டு மணிக்குள் சோறோ இடியாப்பமோ, எண்ணெய் குறைத்து, நன்றாகச் சாப்பிடுங்கள். ஓடுவதற்கு முக்கால் மணி முன்னால் இரண்டு பூவன் பழம் அல்லது சர்க்கரை தொட்டு இரண்டு இட்லி. தேங்காய்ச் சட்னியும் வடையும் கூடாது. கொழுப்பு வயிற்றில் தங்கும். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும்; அந்தச் சர்க்கரைத் தண்ணீரே பாதியைத் தரும், மீதிக்கு ஒரு வாழைப்பழம். எதையும் போட்டியன்று முதல்முறையாகச் சாப்பிட்டுப் பார்க்காதீர்கள்.

முடிந்தபின் குறைந்த கிலோவுக்கு ஒன்றரை லிட்டர் வீதம், சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். உப்பு போட்ட நீர்மோர் இதற்கு நல்லது. ஒரு மணி நேரத்துக்குள் நான்கு இட்லி, சாம்பார், மூன்று முட்டை.