இரண்டு கண்ணாடி, ஒரு சங்கு: பிரதிபலிப்புக் குலத்தை எண்ணிப் பார்க்கும் முறை

கண்ணாடிகளின் வழியாகப் பிறக்கும் சமச்சீர்மைகளின் தொகுதியைக் கணிதத்தில் பிரதிபலிப்புக் குலம் என்கிறோம். அதைக் கற்க முதலில் வேண்டியது சூத்திரம் அன்று, இடம்புரிச் சங்கு ஒன்று. கீழக்கரையிலோ இராமேசுவரத்துக் கடைத்தெருவிலோ எளிதில் கிடைக்கும் சாதாரணச் சங்கு இடம்புரியே. கண்ணாடிக்குள் அது வலம்புரியாகத் தெரியும். இன்னொரு கண்ணாடியில் மீண்டும் பிரதிபலித்தால் இடம்புரியாகத் திரும்பும். ஆகவே ஒரு பிம்பம் ஒற்றைப்படை முறை பிரதிபலித்ததா, இரட்டைப்படை முறையா என்பதைச் சங்கின் சுழியே சொல்லிவிடும். இருபுறமும் ஒத்திருக்கும் பொருளை வைத்தால் இந்தச் செய்தி முழுவதும் மறைந்துவிடும்.

இரண்டு நீள்சதுரக் கண்ணாடிகளை மேசைமீது செங்குத்தாக நிறுத்தி, பின்புறம் ஒட்டுநாடாவால் கீல் போல இணையுங்கள். கண்ணாடி மெல்லியதாக இருந்தால் பொருத்துவாய் உறுத்தாது. கடலோர வீடுகளில் உப்புக்காற்று பட்டு ரசம் ஓரத்திலிருந்து கறுக்கத் தொடங்கும் என்பதால், வேலை முடிந்ததும் துணியில் சுற்றி வைப்பது நல்லது. ஒரு கண்ணாடியின் அடிவிளிம்பில் சிவப்பு நாடாவும் மற்றதில் நீல நாடாவும் ஒட்டி, பாகைமானியால் 60 பாகை அளந்து, இடையில் சங்கை வையுங்கள். கண்ணாடிகளுக்கு இடைப்பட்ட வெளியை அறை என்றும், அதன் எல்லையாக நிற்கும் கண்ணாடியையும் கண்ணாடியின் பிம்பத்தையும் சுவர் என்றும் சொல்வோம். அசல் அறையும் பிம்ப அறைகளுமாக ஆறு அறைகள் தெரியும். மூன்றில் இடம்புரி, மூன்றில் வலம்புரி.

இனி எண்ணத் தொடங்கலாம். அசல் அறைக்கு 123 என்று பெயரிடுங்கள். சிவப்புச் சுவரைக் கடக்கும்போது முதல் இரண்டு இடங்களில் உள்ள எண்களையும், நீலச் சுவரைக் கடக்கும்போது கடைசி இரண்டு இடங்களில் உள்ளவற்றையும் மாற்றி எழுதுங்கள். சிவப்பு, நீலம், சிவப்பு என்று ஒரு பக்கமாகச் சென்றால் 213, 231, 321 கிடைக்கும். நீலம், சிவப்பு, நீலம் என்று மறுபக்கமாகச் சென்றால் 132, 312, பின்பு அதே 321. எதிர்மூலை அறைக்கு இரு வழிகளும் ஒரே பெயரைத் தருவதுதான் இக்குலத்தின் அடிப்படை விதி. ஒவ்வொரு பெயரிலும் பெரிய எண் சிறிய எண்ணுக்கு முன்னால் நிற்கும் இணைகளை எண்ணிப் பாருங்கள். 231-இல் இரண்டு, 321-இல் மூன்று. அசல் அறையிலிருந்து அங்கே செல்லக் கடக்க வேண்டிய சுவர்களின் மிகக் குறைந்த எண்ணிக்கையும் அதுவே. வடிவியலில் தொலைவாக இருப்பது, அடுக்கும் முறைகளை எண்ணும் சேர்மானவியலில் வரிசைக் குலைவாக நிற்கும் இந்த ஒற்றுமையே இத்துறையின் உயிர்நாடி என்பேன். எண்கள் n ஆனாலும் இது பொய்க்காது: அறைகள் n! (1 முதல் n வரையுள்ள எண்களின் பெருக்கம்), கண்ணாடித் தளங்கள் n(n−1)/2.

கோணத்தைத் தேர்வதில் கவனம் தேவை. 180-ஐக் கோணத்தால் வகுத்தால் முழு எண் வர வேண்டும். 72 பாகையில் வைத்தால் ஐந்து அறைகள் ஒழுங்காக அமைந்தது போலத் தோன்றினாலும், பின்புறம் ஒட்டி நிற்கும் இரண்டு அறைகளிலும் இடம்புரியே இருக்கும். அவற்றுக்கு நடுவில் கண்ணாடி இருந்தால் அது நடவாது. அந்தக் குலத்தில் உள்ள உறுப்புகள் உண்மையில் பத்து. நாம் வைக்காத கண்ணாடி ஒன்று அறையின் நடுவே ஒளிந்திருக்க, மெய்யான அறை 36 பாகையாகச் சுருங்கிவிடுகிறது.

மூன்றாவது கண்ணாடியைச் சேர்த்தால் கனசதுரத்தின் சமச்சீர்மை கிடைக்கும். முனைக்கோணங்கள் 45, 35¼, 54¾ பாகை வரும்படி மூன்று முக்கோணங்களைக் கண்ணாடிக் கடையில் வெட்டச் சொல்லி, முனைகள் ஒரே புள்ளியில் சேரும்படி ஒட்டுங்கள். தளங்களுக்கு இடையே 90, 60, 45 பாகைகள் தாமாக அமையும். அறைகள் 48, தளங்கள் 9. இத்தகைய முடிவுள்ள குலங்கள் அனைத்தையும் எல்லாப் பரிமாணங்களுக்கும் 1930-களில் வகைப்படுத்தியவர் கணிதவியலாளர் காக்ஸெட்டர்.

ஒட்டியது சரியா என்று பார்க்க ஒரு கண்ணை மூடிக்கொண்டு முனையை உற்று நோக்குங்கள். எதிர்மூலை அறை ஒன்பது சுவர்களுக்கு அப்பால், உங்கள் கண்ணுக்கு நேரெதிரே இருப்பதால், தலையை எங்கே நகர்த்தினாலும் உங்கள் கண்மணி அந்த முனையிலேயே தெரிய வேண்டும். அது விலகினாலோ இரண்டாகப் பிளந்தாலோ ஏதோ ஒரு கோணம் பிசகியிருக்கிறது. நாடாவைப் பிரித்து, 45 பாகை மூட்டிலிருந்து மறுபடி ஒட்டுங்கள்.