சவாரிக்கு முன் குளம்பு
அய்யனார் கோயில் புரவியெடுப்புத் திருவிழாவில் மண்குதிரையைத் தோளில் சுமந்து பழகிய ஊர் நம்முடையது. பிள்ளையைக் குதிரைப் பயிற்சிக்குச் சேர்க்கும்போது, சவாரி எப்போது என்று கேட்காதீர்கள். குளம்பு சுத்தம் செய்யக் கற்றுத் தருவார்களா என்று கேளுங்கள். காரைக்குடிப் பக்கத்துச் செம்மண்ணில் சரளை அதிகம். குளம்பில் ஒரு சிறு கல் சிக்கினாலே, பாவம், குதிரை நொண்டும்.

நேர் பின்னால் நிற்பவரைக் குதிரையால் பார்க்க முடியாது. அதனால் தோள் பக்கமாக நெருங்கி, பேசிக்கொண்டே காலைக் கீழ்வரை தடவித் தூக்க வேண்டும். குளம்பைச் சுத்தம் செய்யும் கொக்கியைக் குதிகாலிலிருந்து முன்நுனி நோக்கி இழுக்க வேண்டும். குளம்பின் அடியில் நடுவிலுள்ள முக்கோண மென்பகுதியைக் குத்திவிடக் கூடாது. அதன் ஓரப் பள்ளங்களில் துர்நாற்றமும் கறுப்புக் கசிவும் தெரிந்தால் அன்றைக்குச் சவாரி வேண்டாம். கால்நடை மருத்துவரை அழையுங்கள்.