கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்குப் போட்டி: தம் இருந்தும் தோற்க வைக்கும் தவறுகள்

ஏற்றம், இறக்கம், சமதளம் என்று பனிமேல் நெடுந்தூரம் சறுக்கிச் செல்லும் கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்குக்கு ஓட்டத்திலிருந்தோ சைக்கிளிலிருந்தோ வருகிறவர்கள், தம் (மூச்சும் தாங்குதிறனும்) இருந்தால் போதும், மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்போடுதான் வருவார்கள். தம் வேண்டும்தான். ஆனால் அதைப் பனியில் கொட்டி வீணாக்க இங்கே வழிகள் ஏராளம். அவற்றில் பல, பந்தயம் தொடங்கும் முன்பே நடந்து முடிந்துவிடும்.

முதலில் ஸ்கீயும் (காலில் மாட்டும் நீண்ட சறுக்குப் பலகை) மெழுகும். கிளாசிக் முறைக்கான (ஸ்கீகளை இணையாக வைத்து, நடப்பதுபோல் உதைத்து முன்னேறும் முறை) ஸ்கீயின் நடுப்பகுதி மேல்நோக்கி வளைந்திருக்கும்; உதைக்கும்போது பின்னால் வழுக்காமல் பனியைப் பற்றும் பிடிப்பு மெழுகு அங்கேதான் பூசப்படும். இரண்டு காலிலும் சமமாக நின்று சறுக்கும்போது அந்த இடம் பனியில் அழுந்தக் கூடாது. ஒற்றைக் காலில் முழு எடையையும் போட்டு உதைக்கும்போது அழுந்திப் பிடிக்க வேண்டும். ஆகவே, உயரத்தை மட்டும் பார்த்து ஸ்கீ வாங்குவது பெரிய தவறு. உடல் எடைக்கு மீறிய விறைப்பு இருந்தால் எந்த மெழுகும் பிடிக்காது. விறைப்பு போதாவிட்டால் வழியெல்லாம் இழுக்கும். சமதளத் தரையில் ஸ்கீ மேல் ஏறி நின்று, காலுக்கடியில், ஸ்கீக்கும் தரைக்கும் நடுவே ஒரு காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். இரண்டு காலில் நிற்கும்போது காகிதம் தாராளமாக நகர வேண்டும். எடை முழுவதையும் ஒரு காலுக்கு மாற்றினால் சிக்கிக்கொள்ள வேண்டும்.

மெழுகை ஒரே பூச்சாகத் தடிமனாக அப்புவதும் வழக்கமான தவறுதான். மெல்லிய பூச்சாகப் பூசி, கார்க்கால் தேய்த்து, அதன் மேல் அடுத்த பூச்சு. காற்றின் வெப்பநிலையை மட்டும் பார்த்து மெழுகைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பனியின் வெப்பநிலை முக்கியம், அது புதுப்பனியா உருகி உறைந்த பழம்பனியா என்பதும் முக்கியம். பூஜ்யம் டிகிரியை ஒட்டிய ஈரப் புதுப்பனி கைதேர்ந்தவர்களையே திணறடிக்கும். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ரிலே பந்தயத்தில் நார்வேயின் பெண்கள் அணி 5-ஆம் இடம், ஆண்கள் அணி 4-ஆம் இடம். பழி பெரும்பாலும் மெழுகுக் குழுவின் தலையில்தான் விழுந்தது.

இன்னொன்று, பழைய பெட்டியில் கிடக்கும் ஃப்ளூரின் மெழுகு. 2023-24 பருவத்திலிருந்து சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் போட்டிகளில் அதற்குத் தடை. மெழுகைத் தூக்கிப் போட்டால் மட்டும் போதாது. முன்பு அதற்குப் பயன்படுத்திய தூரிகையிலும் மெழுகை உருக்கித் தேய்க்கும் இஸ்திரியிலும் மிச்சம் ஒட்டியிருந்து புது ஸ்கீக்கும் தொற்றும். சோதனையில் சிக்கினால் தகுதிநீக்கம்தான்.

பந்தயம் தொடங்கியபின் வரும் பெரிய தவறு, முதல் ஏற்றத்திலேயே எல்லாவற்றையும் செலவழிப்பது. கால், கை, முதுகு எல்லாம் ஒன்றாக உழைக்கும் விளையாட்டு இது. ஒருமுறை தசைகள் இறுகிவிட்டால் இறக்கத்தில் கிடைக்கும் சில நொடி ஓய்வில் அது சரியாகாது. 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கின் 30 கி.மீ. ஸ்கையத்லானில் (பாதி தூரம் கிளாசிக், பாதி ஸ்கேட்டிங் பாணி) நார்வேயின் சிமன் ஹெக்ஸ்டாட் க்ரூகர் தொடக்கத்திலேயே விழுந்தார், கையில் பிடித்து ஊன்றும் கோல் உடைந்தது, கடைசி ஆளாக எழுந்தார். ஒரே மூச்சில் பாயாமல் சுற்றுச் சுற்றாகத்தான் மற்றவர்களைப் பிடித்தார். தங்கமும் வென்றார். விழாத நமக்கு என்ன அவசரமோ தெரியவில்லை!

உத்தியில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், மற்றவை பயிற்சியில் சரியாகிவிடும். கிளாசிக்கில் கால் வழுக்கினால் உடனே மெழுகைத் திட்டுவோம். பெரும்பாலும் உதைதான் பிந்தியிருக்கும். உதைக்கும் கால் மற்ற காலுக்குப் பக்கத்தில் வரும்போதே கீழ்நோக்கி அழுத்த வேண்டும். பின்னால் போனபிறகு உதைத்தால் ஸ்கீ நழுவத்தான் செய்யும். ஏற்றத்தின் உச்சியில் அப்பாடா என்று நிமிர்ந்துவிடுவதும் நஷ்டம். நாலு எட்டு கூடுதலாகத் தள்ளி, வேகத்தோடு இறக்கத்துக்குள் நுழையுங்கள்.

கடைசியாக, முடிவுக்கோட்டை நெருங்கும்போது அடுத்தவர் பாதையில் குறுக்கே போகாதீர்கள். 2021 ஓபர்ஸ்ட்டார்ஃப் உலக சாம்பியன்ஷிப்பின் 50 கி.மீ. பந்தயத்தில் முதலில் கோட்டைத் தாண்டியவர் நார்வேயின் யோஹான்னஸ் க்ளேபோ. இறுதிக் கட்டத்தில் ரஷ்யாவின் பொல்ஷுனோவோடு மோதல், பொல்ஷுனோவின் கோல் உடைந்தது, வழிமறித்ததாக க்ளேபோ தகுதிநீக்கம் செய்யப்பட்டார். தங்கம் இன்னொரு நார்வே வீரர் எமில் ஐவர்சனுக்குப் போனது. கோட்டருகே கையைத் தூக்கிக் கொண்டாடுவதையும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். புகைப்பட முடிவில் பார்ப்பது தலையையோ நெஞ்சையோ அல்ல, முதலில் கோட்டைத் தொடும் காலணியின் நுனியை. அதனால் கடைசி நொடியில் ஒரு காலை எட்டின மட்டும் முன்னால் நீட்டுங்கள்.